கவர் மாமா

ஆடி பிறந்தால் எங்கள் ஊருக்குச் சோளகம் வரும், பனம்பழம் வரும், வெளிநாட்டுக்காரர் வருவார்கள். சோளகமும் பனம்பழமும் சொல்லாமல் கொள்ளாமல் வரும். வெளிநாட்டுக்காரர் வருகிற திகதி, போகிற திகதி, நடுவில் நயினாதீவு அம்மனிடம் போகிற நாள் எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள்.

இறுப்பிட்டி புங்குடுதீவின் ஒரு மூலை. யாழ்ப்பாணத்தில் 776 ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்து, பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, வங்களாவடி என்று வந்து, இரண்டு பக்கமும் கடல் தளும்பும் தாம்போதியைத் தாண்டினால் எங்கள் தீவு. பஸ் எங்களுக்காக ஓடுவதில்லை. அது குறிகட்டுவானில் படகுக்கு நிற்கும் சனத்தை நினைத்து ஓடுகிறது. நாங்கள் வழியில் இறங்கி நடக்கிறவர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊர் இடம்பெயர்ந்தபோது பூட்டிய வீடுகளில் பலவற்றின் திறப்பு இன்னும் ரொறொன்ரோவிலும் பரிசிலும்தான் தொங்குகிறது. திறக்கிற வீடும் ஆடி ஆவணியில்தான் திறக்கும். அந்த இரண்டு மாதமும் ஒழுங்கை நிறைய வாகனம். அதில் ஒன்றின் சாரதி ஆசனத்தில் கவர் மாமா இருப்பார்.

கவர் மாமா என்பவர் ஒரு ஆளல்ல, ஒரு இனம். லண்டன் கவர் மாமா இணையத்தில் சில பவுணுக்கு வாங்கிய காப்புறுதித் தாளை லமினேற் பண்ணிக் கழுத்தில் மாட்டாத குறையாக வருவார். ஜேர்மனிக் கவர் மாமா இன்னும் ஆழமானவர். ஜேர்மன்காரர் விடுமுறைக்கு மல்லோர்க்காத் தீவுக்குப் போய் வாடகைக் கார் ஓடி ஓடி, கடைசியில் அந்தத் தீவின் பெயரிலேயே ஒரு காப்புறுதிச் சேர்க்கை உண்டாகிவிட்டது: மல்லோர்க்காப் பொலிசி. ஊரில் நிற்கும் சொந்தக் காரின் காப்புறுதியோடு அதைச் சேர்த்து வைத்திருந்தால், வெளிநாட்டில் வாடகைக் காரால் மற்றவனுக்கு நட்டம் வந்து, அந்த நாட்டுக் காப்புறுதி கொடுத்தது போதாவிட்டால், மிச்சத்தை இது கொடுக்கும். பெரும்பாலும் ஐரோப்பாவுக்குள் மட்டும். எங்களிடமும் ஏழு தீவு இருக்கிறது. ஒன்றின் பெயரிலும் பொலிசி இல்லை.

நான் சொல்ல வந்தது கனடாக் கவர் மாமாவை. எனக்கு ஒன்றுவிட்ட மாமா முறை. ஸ்காபரோவில் இருபத்தாறு வருடம். ஒரு தரம்கூடக் காப்புறுதிக் காசு கேட்காதவர். அதைத் தன் பிள்ளைகளின் பட்டங்களுக்கு முன்னால் சொல்வார்.

அவருக்குப் பெயர் வைத்தது எங்கள் ஆச்சி. 2024 ஆடியில் வந்த முதல் நாளே, வாடகைக்கு எடுத்த காரைப் படலையடியில் நிறுத்தினார். ஆச்சி பொல்லை ஊன்றி வந்து பார்த்தா.

"தம்பி, உந்த றோட்டெல்லாம் மாடு படுத்துக் கிடக்கும். பாத்து ஓடு மோனை."

"பயப்படாதேங்கோ ஆச்சி. எனக்குக் கவர் இருக்கு."

ஆச்சி கண்ணைச் சுருக்கி உள்ளே எட்டிப் பார்த்தா. புதுக் கார் என்று காட்டுவதற்காக ஆசனங்களில் போட்ட பொலித்தீன் உறையை உரிமைக்காரப் பொடியன் இன்னும் கழற்றவில்லை.

"ஓம், பாத்தனான். எல்லாச் சீற்றுக்கும் போட்டுத்தான் கிடக்கு. கழட்டிப்போடாதை, வேர்வை பிடிச்சிடும்."

அன்று பொழுதுபடமுன் ஊர் முழுக்கக் கவர் மாமா.

அந்தக் கவர் என்னவென்று ஊரில் அறிந்தவன் நான் ஒருவன்தான். ஏனென்றால் தாள்களைப் பத்திரமாக வைக்கச் சொல்லி என்னிடம் தந்திருந்தார். நான் பத்திரமாக வைப்பதோடு வாசித்தும் விடுகிறவன். மூன்று அடுக்கு. முதலாவது, ஸ்காபரோ வீட்டு வாசலில் நிற்கும் சொந்தக் காரின் பொலிசி. ஒன்ராறியோவில் அதோடு ஓபீசீஎவ் 27 என்று ஒரு பின்னிணைப்பு வாங்கலாம். உன்னுடையதல்லாத காரை நீ ஓடிச் சேதப்படுத்தினால் அந்தப் பொறுப்பை உன் சொந்தக் காப்புறுதியே ஏற்கும். வாடகைக் கொம்பனிக்காரன் நாளுக்கு இவ்வளவு என்று நீட்டுகிற கவரை வாங்கத் தேவையில்லை. நல்ல ஏற்பாடு, பொய் சொல்லக்கூடாது. மாமா "ஓபீசீஎவ் ருவென்ரிசெவன்" என்று சொல்லும்போது கண்ணை மூடுவார். கேட்கிறவர்கள் அது ஏதோ பீஜமந்திரம் என்று நினைத்துத் தாங்களும் மூடுவார்கள்.

ஆனால் அந்தப் பொலிசி எந்த மண்ணில் செல்லும் என்று ஒரு பந்தி இருக்கிறது. கனடா, அமெரிக்கா, அந்த நாடுகளின் துறைமுகங்களுக்கு இடையே போகும் கப்பல். இறுப்பிட்டியை நான் அதற்குள் எப்படி நுழைத்துப் பார்த்தும் நுழையவில்லை. குறிகட்டுவான்–நயினாதீவுப் படகையும் அந்தக் கப்பலாக்க முடியவில்லை. நான் மெல்லச் சொன்னேன். மாமா கண்ணாடியைப் போட்டு அந்தப் பந்தியை வாங்கிப் பார்த்தார்.

"டேய், இதிலை வெசல் எண்டு தெளிவாப் போட்டுக் கிடக்கு. நான் எடுத்திருக்கிற காரும் வெசல்தானே?"

கார் ஹொண்டா வெசல். தாளில் இருந்தது ஆங்கிலத்தில் கப்பலைச் சொல்கிற வெசல். இந்த வேறுபாட்டை விளக்க எனக்கு ஒரு தேத்தண்ணி நேரம் பிடித்தது. விளக்கி முடிந்ததும், "சரி விடு, காட்டிலை இருக்கு" என்றார்.

காட் என்பது இரண்டாவது அடுக்கு: தங்க நிறக் கிறெடிற் காட். வெளிநாட்டு மாமாமார் எல்லாருக்கும் இதில் ஒரு பக்தி உண்டு. பெரும்பாலான காட்டுகள் வாடகைக் காருக்குச் சேதம் வந்தால் கொடுக்கத்தான் செய்யும். ஆனால் நிபந்தனைகளை வாசித்தால் சாதகப் பொருத்தம் பார்ப்பது போல இருக்கும். வாடகை முழுவதையும் அந்தக் காட்டிலேயே கட்டியிருக்க வேண்டும். வாடகை நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். நிறுவனம் தருகிற சேத விலக்கு, அதுதான் கொலிஷன் டமேஜ் வேவர், அதை நீ மறுத்திருக்க வேண்டும். இவ்வளவும் பொருந்தினாலும் எடுத்த காருக்கு வந்த சேதத்துக்கும் களவுக்கும்தான் காசு; மற்றவனின் காலுக்கும் மதிலுக்கும் இல்லை. மூன்றாவது அடுக்கு பயணக் காப்புறுதி. அது ஆஸ்பத்திரிக்கு. அதைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை.

கார் கைமாறிய காட்சிக்கு நான் சாட்சி. உரிமைக்காரப் பொடியன் யாழ்ப்பாணத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து இறங்கி, "இந்தாங்கோ அண்ணை" என்று திறப்பை நீட்டினான். மாமா வாங்கவில்லை. போனை எடுத்துக் காரைச் சுற்றி வந்து நாற்பத்துமூன்று படம் எடுத்தார். ஒவ்வொரு கீறலுக்கும் குந்தியிருந்து ஒரு படம். ஐந்தாறு படத்தில் பக்கத்து வீட்டு ஆடும் இருக்கிறது. அது மாமா குந்தும் இடமெல்லாம் கூடவே வந்தது. பிறகு எழும்பி, குரலைச் செருமி,

"தம்பி, நான் டிக்ளைன் பண்ணுறன்."

"எதை அண்ணை?"

"உங்கடை வேவரை."

"அப்பிடியொண்டு நான் தரேல்லையே அண்ணை."

"தந்தாலும் எனக்கு வேண்டாம்."

பந்தியில் இலையே போடாதவனிடம் "எனக்குப் பாயாசம் போதும்" என்று கை மறித்தது போல இருந்தது. பொடியன் என்னைப் பார்த்தான். நான் ஆட்டைப் பார்த்தேன்.

மாமா தங்கக் காட்டை எடுத்தார்.

"காட் மெசின் எங்கை?"

"மெசின் இல்லை அண்ணை. காசுதான். இல்லாட்டி மாமியின்ரை எக்கவுண்டுக்குப் போட்டுவிடுங்கோ."

"அக்றீமென்ற்?"

"உங்கடை பாஸ்போட்டின்ரை போட்டோக்கொப்பி காணும் அண்ணை. நீங்கள் எங்கை ஓடப்போறியள், ஊர்தானே?"

சாதகப் பொருத்தத்தில் இரண்டு அந்த இடத்திலேயே முறிந்தது. மாமாவின் முகத்தில் ஒரு நிழல் வந்து போனது உண்மை. ஆனால் அன்று பின்னேரம் அம்மனிடம் போக எட்டுப் பேர் வெளிக்கிட்டு நின்றார்கள். காசை எண்ணிக் கொடுத்தார்.

பொடியனையும் சும்மா விடமுடியாது. முன்கண்ணாடியில் காப்புறுதி அட்டையும் வருமான அனுமதிப்பத்திரமும் ஒழுங்காகத்தான் ஒட்டியிருந்தன. 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தேர்ட் பார்ட்டி இல்லாமல் தெருவில் வாகனத்தை இறக்க முடியாது. இவன் அதற்கு மேலே ஃபுல் இன்சுரன்ஸே போட்டிருந்தான். ஆனால் போட்டது சொந்தப் பாவனைக்கு. வாடகைக்கு விடுகிற வாகனம் என்று சொன்னால் தவணைக் கட்டணம் ஏறும், சொல்லாவிட்டால் ஏறாது. அவன் சொல்லவில்லை. இவனைப் போல யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர் என்று எண்ணப்போனால் எனக்குக் கார் தர ஆளிருக்காது, ஆனபடியால் இத்தோடு நிறுத்துகிறேன். மாமா அறியாமல் செய்தார், இவன் அறிந்து செய்தான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆக, ஒரு காருக்கு இரண்டு காப்புறுதி. இரண்டும் ஒழுங்காகப் பணம் கட்டி வாங்கியவை. வங்களாவடிச் சந்தியில் அந்தக் கார் திரும்பும்போது இரண்டில் ஒன்றும் அதில் ஏறியிருக்கவில்லை.

சந்தியில் எப்படித் திரும்பினார் என்பதையும் சொல்லவேண்டும். கனடாவில் சிக்னல் தடி ஸ்ரியறிங்குக்கு இடப்பக்கம். ஜப்பானிலிருந்து எங்களுக்கு வருகிற காரில் வலப்பக்கம். மாமா ஒவ்வொரு வளைவிலும் இடப்பக்கத் தடியைத் தட்டுவார். வைப்பர் எழும்பிக் கண்ணாடியைத் துடைக்கும். மழை கண்டு மாதக்கணக்காகிய தீவில், வெட்டவெளி வெயிலில், வைப்பர் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளை வெசல் வந்தால் அது இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பப்போகிறது என்று சைக்கிள்காரர் இரண்டு நாளில் பழகிக்கொண்டார்கள். எங்கள் சனம் எதற்கும் பழகும்.

ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்திலும் ஒரு கதை. கனடாவில் சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்துத்தான் வந்தார், நீலக் கோட்டுக்குள் வைத்திருந்தார். ஆனால் அப்போது இங்கே அது செல்ல வேண்டுமானால் கொழும்பில் ஒட்டோமொபைல் அசோசியேஷனில் காட்டி ஒப்புதல் எடுக்கவேண்டியிருந்தது. மாமா விமான நிலையத்திலிருந்து இரவோடிரவாக வான் பிடித்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்துவிட்டார். அனுமதிப்பத்திரம் செல்லாத சாரதிக்கு எந்தப் பொலிசியும் செல்லாது. சட்டைக்குள்ளே பெனியன், பெனியனுக்குள்ளே ஓட்டை.

இவ்வளவு ஓட்டையோடும் மாமா ஒருவரையும் இடிக்கவில்லை. மாட்டுக்கு வழிவிட்டார், ஆட்டுக்கு ஹோர்ன் அடிக்காமல் காத்து நின்றார். தாம்போதியில் வந்துபோன நாளெல்லாம் உப்புக் காற்றுக்குக் காரைக் கழுவச் சொல்லியிருந்தான் பொடியன். எங்கள் தீவில் நல்ல தண்ணி படுகிற பாட்டில் அதையும் ஒரு வாளியில் சிக்கனமாகச் செய்தார். நல்லாய் ஓடுகிற மனிசன். கார் நின்ற இடத்தில்தான் வந்தது வினை.

ஒன்பதாம் நாள் விடியப்புறம் மூன்று மணியிருக்கும். தொம் என்று ஒரு சத்தம். நாய் குரைத்தது. நாய்க்கு அது பழகிய சத்தமென்பதால் இரண்டு குரையோடு நிறுத்திவிட்டது. விடிந்து பார்த்தால் வெசலின் பொனற் நடுவில் சோற்றுக் கோப்பையளவு பள்ளம். பெயின்ற் வெடித்துச் செம்மஞ்சள் சாறு வழிந்து காய்ந்து கிடந்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்ததாகச் சொல்வார்கள். இங்கே காகம்கூட இல்லை, ராத்திரிச் சோளகம்.

மாமா போனோடு ஓடி வந்தார். "ஆரும் தொடாதேங்கோ! பழத்தைப் படம் எடுக்கவேணும், எவிடென்ஸ்!"

பழம் இல்லை. ஆச்சி நாலரைக்கே எழும்பி வந்து பொறுக்கிவிட்டா. குசினியில் பெரிய சட்டியில் அது பிசைந்து களியாகி, மாவோடும் சீனியோடும் சேர்ந்து, பாதி எண்ணெய்க்குள் போயிருந்தது.

"இந்தா மோனை, சூட்டோடை தின்," என்று ஆச்சி பனங்காய்ப் பணியாரத்தை நீட்டினா. மாமா அதையும் ஒரு படம் எடுத்தார். பிறகு சாப்பிட்டார். நாலு சாப்பிட்டார்.

பொடியன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான். பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்தான். மாமாவை வேலியோரம் கூட்டிப்போனான்.

"அண்ணை, என்ரை இன்சுரன்ஸுக்கு அடிப்பம். ஸ்பொட்டுக்கே ஆள் வரும். ஹயர் எண்டு மட்டும் வாய் திறக்காதேங்கோ. என்ரை சித்தப்பா எண்டு சொல்லுங்கோ, ஓடத் தந்தனான் எண்டு நான் சொல்லுறன்."

"பொய் சொல்லச் சொல்லுறியோ?"

இதற்குள் ஆச்சி பணியாரச் சட்டியோடு வந்து, "நீ ஆற்ரை பொடியன்?" என்று கேட்டுவிட்டா. அவன் தகப்பன் பெயரைச் சொன்னான், பேத்தி பெயரைச் சொன்னான், பேத்தி பிறந்த வளவைச் சொன்னான். ஆச்சி அடுப்பைத் தணிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தா. பத்து நிமிடத்தில் மூன்று கலியாணமும் ஒரு இரண்டாந்தாரமும் கடந்து, மாமா அந்தப் பொடியனுக்கு மெய்யாகவே சித்தப்பா முறை என்று நிறுவிவிட்டா.

பொடியனின் முகம் மலர்ந்தது. "பாத்தியளே சித்தப்பா, பொய்யே இல்லை!"

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "முறை உண்மைதான் தம்பி. காசு எண்ணித் தந்ததும் உண்மைதானே," என்றார். இந்த இடத்தில் நான் அவரை மதித்தேன். இருபத்தாறு வருடம் ஒரு கோரிக்கையும் போடாத மனிசன் முதல் கோரிக்கையைப் பொய்யில் தொடங்க விரும்பவில்லை.

ஸ்காபரோவில் காலை ஒன்பது மணியாக வேண்டுமென்று இங்கே பின்னேரம் ஆறரை மட்டும் காத்திருந்தார். முதலில் சொந்தக் கார்ப் பொலிசியின் புரோக்கர். நான் ஒரு தேத்தண்ணி நேரம் விளக்கியதை அவர் அரை நிமிடத்தில் விளக்கினார். அடுத்தது தங்கக் காட். பின்பக்கத்தில் இருந்த இலவச இலக்கம் இலங்கையிலிருந்து போகவில்லை. வெளிநாட்டிலிருந்து கலெக்ற் கோல் எடுக்கச் சொல்லி இன்னொரு இலக்கம் இருந்தது. அழைக்கப்படுகிறவரே காசு கட்டுகிற அழைப்பு. அதை எப்படி எடுப்பதென்று இறுப்பிட்டியில் அறிந்தவர் இல்லை. மாமாவே காசு கட்டி எடுத்தார். சிக்னல் கிணற்றுக்கட்டில் ஏறி நின்றால்தான் வரும். ஏறி நின்றார். ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் கீழே நின்றோம், ஆடும் நின்றது.

மறுமுனையில் இனிமையான குரல் உள்ள ஒரு பிள்ளை. அழைப்பு ஒலிப்பதிவு செய்யப்படலாம் என்று முதலே சொல்லிவிட்டது. வாடகை நிறுவனத்தின் பெயர்? மாமா பொடியனைப் பார்த்தார். பொடியன், "மாமியின்ரை பேரைச் சொல்லுங்கோ," என்றான். ஒப்பந்த இலக்கம்? அதைத் தாண்டினார்கள். மோதிய பொருள் என்ன? "பழம்." என்ன பழம்? "பல்மைறா." எழுத்துக்கூட்டச் சொன்னது. எழுத்துக்கூட்டினார். தேங்காயா? தேங்காயில்லை. பேரீச்சம்பழமா? "பேரீச்சம்பழம் விழுந்து பொனற் நெளியுமோ பிள்ளை?" என்று தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். பொருளின் புகைப்படம் உண்டா? "உண்டு. பொரிச்ச பிறகு எடுத்தது."

பிறகு அந்தப் பிள்ளை, பட்டியலில் இருந்த அடுத்த கேள்வியாகத்தான் இருக்கவேண்டும், அந்த மரத்தின் சொந்தக்காரர் யார் என்று கேட்டது. வேறொருவரின் மரமென்றால் நட்டத்தை அவரிடம் கேட்க வழியிருக்கிறதாம்.

கிணற்றடியில் ஒரு அமைதி. ஆச்சிகூடப் பணியாரத்தை மெல்லுவதை நிறுத்தினா.

அது எல்லைப் பனை. ஒரு பக்கம் மாமாவின் காணி, மறுபக்கம் பரிசில் இருக்கிற அவரின் தமையன் காணி. இருவரும் பேசி இருபத்திரண்டு வருடம். அப்புவின் உறுதியில் பனைக்கு மேற்கே எல்லையென்று தமையன் வாசிக்கிறார். கிழக்கே என்று மாமா வாசிக்கிறார். இடையில் ஒரு மாரியில் வேலி தானாக ஒன்றரை அடி நகர்ந்ததாகவும் கதை. இந்தப் பயணத்தில் மாமா வந்ததே பனையை உள்ளே எடுத்து மதில் கட்டத்தான்; சீமெந்து வந்து இறங்கியிருந்தது.

பனை தமையனுடையது என்று ஒரு சொல் சொன்னால் நட்டத்துக்கு ஒரு வழி திறக்கும். அந்தச் சொல் கனடாவில் ஒலிப்பதிவில் கிடக்கும். தன்னுடையது என்றால் சொந்தப் பனையின் சொந்தப் பழம். எவனிடம் போய்க் கேட்பது?

மாமா போனை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். பனையை அண்ணாந்து பார்த்தார்.

"மை ட்றீ," என்றார். "மை ஓன் ட்றீ. தாங்க் யூ." தொடர்பைத் துண்டித்துவிட்டுக் கிணற்றுக்கட்டிலிருந்து இறங்கினார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் ரிங்கரிங் செய்து பெயின்ற் அடித்தார்கள். அதற்கும் காசு, கார் கராஜில் நின்ற நாலு நாளுக்கு வாடகையும் காசு. சித்தப்பா முறை என்பதற்காகப் பொடியன் ஒரு நாளைக் கழித்துவிட்டான். மதிலும் கட்டி முடிந்தது.

2025 ஆவணியில் மாமா மறுபடி வந்தார். வெளிநாட்டுச் சாரதிகளுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம் கொடுக்கும் கவுண்டரை அந்த ஓகஸ்ட்டில்தான் கட்டுநாயக்காவில் திறந்திருந்தார்கள், அங்கேயே எடுத்துக்கொண்டார். கார் எடுக்கமுன் பொலிசியை வாங்கி, வாடகைப் பாவனை என்று எழுதியிருக்கிறதா என்று விரலை வைத்து வாசித்தார். இறுப்பிட்டிக்கு வந்து இறங்கியதும் முதல் வேலையாகப் பனையில் தன் பெயரின் முதலெழுத்தை வெள்ளைப் பெயின்றால் முழ உயரத்துக்கு எழுதினார். பிறகு காரைக் கொண்டுபோய்த் தமையனின் வளவுக்குள் தள்ளி விட்டுவிட்டு வந்து படுத்தார்.